ஆட்கள் இருக்கும் கூடம்

திருப்பூரில் அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பனியன் கம்பெனிக்குச் சென்ற மாதம் படமெடுக்கப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்களுக்கு அனுப்பும் கையேட்டுக்கும் நிறுவனத்தின் இணையதளத்துக்கும் சேர்த்து இருபது படங்கள் வேண்டும் என்பது பேச்சு. முதலாளி தையல் கூடத்தை நிதானமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில், "ஆளுகளை ஒரு அரை மணி நேரம் வெளிய நிக்கச் சொல்லிறலாமுங்க, லைன் பாக்கறதுக்குப் பளிச்சுன்னு இருக்கும்" என்றார். பதினைந்து ஆண்டுகளாகக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று தொழிற்கூடங்களைப் படமெடுத்து வரும் எனக்கு இந்த வேண்டுகோள் புதிதல்ல. யாரையும் இழிவாக எண்ணி அவர் அதைச் சொல்லவில்லை என்பதும் தெரியும். ஆட்கள் இருந்தால் ஒருவர் கண்ணை மூடியிருப்பார், ஒருவர் கேமராவைப் பார்த்து விறைத்துப்போவார், மேசைக்கடியில் சாப்பாட்டுத் தூக்கு ஒன்று தெரியும். கூடம் காலியாக இருந்தால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை.

ஆனால் காலிக் கூடத்தின் படம் எதையும் சொல்வதில்லை. வரிசையாக நிற்கும் தையல் இயந்திரங்களும் அவற்றின் மேல் தொங்கும் விளக்குகளும் வங்கதேசத்திலும் வியட்நாமிலும் இப்படித்தான் இருக்கும். ஆர்டர் கொடுக்க வருகிறவர் அந்த இயந்திரங்களை நம்மைவிட அதிகமாகப் பார்த்தவர். யார் தைக்கிறார்கள், எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு இடைவெளியில் உட்கார்ந்து தைக்கிறார்கள், துணி வெட்டும் மேசையில் நிற்பவரின் கையில் இரும்பு வலைக் கையுறை இருக்கிறதா, நடைபாதையின் மஞ்சள் கோட்டைத் தாண்டித் துணிக்கட்டு கிடக்கிறதா, தீயணைப்பானுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கி மறைத்திருக்கிறார்களா என்பவையே அவர் படத்தில் தேடுகிற செய்திகள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த படத்தில்தான் இவற்றுக்கு விடை கிடைக்கும். இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். நியாயமான பேச்சு என்று ஒப்புக்கொண்டேன்.

தொழிற்கூடத்தில் ஆளைப் படமெடுப்பதில் முதல் சிக்கல் வெளிச்சம். நம் தையல் கூடங்களில் ஒரே நேரத்தில் மூன்று வகை வெளிச்சம் இருக்கும். சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின் நிறவெப்பத்தில், அதாவது வெள்ளையாக, இருக்கும், கூரையில் தொங்கும் குழல்விளக்குகளுக்குப் பச்சைச் சாயல் இருக்கும், ஊசிக்கு அருகில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கு நீலத்தை நோக்கிச் சாயும். நம் கண் இவற்றை ஒன்றாக்கிக்கொள்கிறது, கேமரா அப்படிச் செய்வதில்லை. ஒரே முகத்தில் ஒரு கன்னம் பச்சையாகவும் மறு கன்னம் நீலமாகவும் பதிந்துவிடும். இயந்திரத்தின் நிறம் சற்று மாறினால் யாரும் கவலைப்படப் போவதில்லை. மனிதத் தோலின் நிறம் மாறினால் அவர் நோயாளியைப் போலத் தெரிவார். ஆகவே அந்த வரிசைக்கு மேலே இருக்கும் குழல்விளக்குகளை மட்டும் அணைக்கச் சொல்லி, சன்னல் வெளிச்சத்தையே தலைமை வெளிச்சமாகக் கொண்டு, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து நிழலைத் தளர்த்துவது என் வழக்கம். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ரிஃப்ளெக்டர்கள் என் பையில் இருக்கின்றன. அவற்றைவிடத் தெர்மாகோல் அட்டை தரும் வெளிச்சமே முகத்துக்கு மென்மையாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

விளக்குகளை அணைக்க இயலாத இடங்களும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவதால், மலிவான எல்.இ.டி. விளக்குகள் சுற்றுக்கு இரண்டாக நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. 1/500 போன்ற வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் அந்த மினுக்கல் முழுச் சுற்றாகப் பதிந்து பட்டைகள் மறைந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் இதை அறியாமல் ஒரு நாள் உழைப்பை முழுதாக இழந்திருக்கிறேன். துணியிலும் ஒரு தொல்லை இருக்கிறது. நெருக்கமான ரிப் பின்னலைச் சில தொலைவுகளில் எடுக்கும்போது, பின்னலின் கோடுகளும் கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் உள்ள கட்டங்களும் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத வண்ண அலைகளைப் படத்தில் உண்டாக்கும். துணி விற்பவருக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. கேமராவை இரண்டடி முன்னோ பின்னோ நகர்த்தினால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோவைப் பக்கத்தின் பழைய மில் கட்டடங்களில் ரம்பப் பல் போன்ற கூரைகளைப் பார்த்திருப்பீர்கள். வெயில் நேராக விழாமல் சீரான வெளிச்சம் மட்டும் வரவேண்டும் என்பதற்காக அக்கூரைகளின் கண்ணாடியை வடக்கு நோக்கி வைத்திருப்பார்கள். நூற்பாலைக்குள் படமெடுக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில்தான் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குக் கண்ணாடி வழியாகவே வெயில் உள்ளே இறங்கி, நூல் கண்டுகளின் மேல் வெள்ளைக் கீற்றுகளாக விழும். ஒரு வைகாசி மாதத்தில் இதை நேரில் கண்ட பிறகு, அத்தகைய மில்களின் வேலையைக் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் பின்னணியில் மலை தெரியவேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதையொட்டிய காலமே உகந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள் காலையில் வெள்ளியங்கிரி மலைத்தொடர் மடிப்பு மடிப்பாகத் துலங்கும். சித்திரையில் அதே இடத்தில் வெறும் வெண்புழுதிதான் தெரியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று முக்காலியையே அசைத்துவிடும். காற்றாலைக்காரர்களுக்கு மட்டும் அந்தக் காற்றிலேயே போய்த்தான் ஆகவேண்டும், ஏனென்றால் உடுமலைப் பக்கத்து இறகுகள் முழுவீச்சில் சுழல்வது அப்போதுதான்.

மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற கோவையின் ஃபவுண்டரிகளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் இடம் அது. உருகிய இரும்பை ஏறத்தாழ 1400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அச்சுகளில் ஊற்றுவார்கள். அந்த இரும்பே ஒரு விளக்கு. உருகிய இரும்பு நிறைந்த வாளியான லேடிலைத் தாங்கி வரும் இருவரின் முகங்களிலும் அது வீசும் செம்மஞ்சள் வெளிச்சத்தை எந்த விளக்கைக் கொண்டும் உண்டாக்க முடியாது. ஊற்றுவது சில நொடிகளில் முடிந்துவிடும், ஆகவே நிற்கும் இடம், வெளிச்ச அளவு, ஃபோகஸ் ஆகிய மூன்றையும் முன்னதாகவே நிலைநிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன். உருகிய இரும்பைத் தாங்கி நடப்பவரின் கண் ஒரு கணம் கூசினால் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பாட்டிலை அச்சு மணலுக்கு அருகில் கொண்டுபோவதும் கூடாது. உருகிய உலோகத்துக்கு அடியில் ஈரம் சிக்கினால் அது நீராவியாகி வெடித்துச் சிதறும். பருத்திச் சட்டையும் தோல் காலணியும் அணிந்துதான் உள்ளே போவேன், செயற்கை இழைத் துணி பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

முதன்முதலில் ஒரு ஃபவுண்டரிக்குப் போனபோது, அங்கே முப்பது ஆண்டுகளாக இரும்பு ஊற்றி வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தோளைப் பிடித்து இரண்டடி பின்னால் நகர்த்தி, "இந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கமே நில்லுங்க கண்ணு, உங்க படத்துக்கு நான் மொகத்தைத் திருப்பித் தாரன்" என்றார். சொன்னபடியே, ஊற்றத் தொடங்குவதற்கு முன் ஒரு நொடி முகத்தை நான் நின்ற பக்கம் சற்றுத் திருப்பினார். அந்தப் படத்தைத்தான் நிறுவனம் தன் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டியது. என் திறமையால் கிடைத்த படம் என்று அதைப் பலர் பாராட்டியபோதெல்லாம், அந்தக் கோட்டை எனக்குக் காட்டியவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பவானியில் ஜமுக்காளம் நெய்யும் வீடுகளிலும் இதே பாடம்தான். குழித்தறியில் நெய்பவரின் கால்கள் குழிக்குள் இருக்கும், அவருடைய கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். நின்றுகொண்டு எடுத்தால் நெசவாளியைக் குனிந்து பார்க்கும் படமாகிவிடும். தரையில் அமர்ந்து, கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கும் வெளிச்சம் அவர் தோளுக்கு வரும்வரை காத்திருந்து எடுத்தால்தான், அந்தச் சிவப்பும் பச்சையுமான பட்டைகள் அவர் கையிலிருந்து பிறப்பது படத்தில் தெரியும். காங்கயத்துக் கொப்பரைக் களங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளைச் சிமெண்டுத் தரையில் வெள்ளைத் தேங்காய் காய்கிறது, ஆகவே காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி நான் எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பின்னலாடை நிறுவனத்துக்காக எடுத்த படங்களில், செக்கிங் மேசையில் துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் ஒரு பெண்ணின் படம் இருந்தது. முகத்தில் முழுக்கவனம், கையில் வெள்ளைத் துணி, பின்னால் மங்கலாக நீளும் வரிசை என்று மிக நன்றாக அமைந்த படம். கையேட்டுக்கு என்று சொல்லித்தான் எடுத்தேன். எட்டு மாதம் கழித்து, வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரமாக அந்தப் படம் தாராபுரம் சாலையில் பெரிய பலகையில் ஏறியது. அதற்குள் அந்தப் பெண் அங்கிருந்து விலகி வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, அதற்காக அவருக்குப் பெரும் பணம் கிடைத்திருக்கும் என்று பேசியிருக்கிறார்கள், வீட்டிலும் அதனால் மனத்தாங்கல். யார் யாரிடமோ கேட்டு என் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. "ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமல்லங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மேலாளரிடம் அனுமதி வாங்கியிருந்தேன், அவரிடம் வாங்கவில்லை. சிரித்துத் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிறுவனத்தாரிடம் நேரில் போய்ப் பேசினேன். அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், ஆனால் பலகை இறங்க இரண்டு வாரம் ஆயிற்று. சட்டப்படி நான் அதற்கு மேல் எதுவும் கோரியிருக்க முடியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். எடுத்தவனுக்கு உரிமை என்றுதான் நம் தொழிலில் பலர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் நம்பியிருந்தேன். எழுத்தில் எதுவும் இல்லாமல் படத்தை ஒப்படைத்துவிட்டால், அது எங்கே போகிறது என்று கேட்கும் வாய்ப்பையும் சேர்த்தே ஒப்படைத்துவிடுகிறோம். ஒளிப்படத்துக்கான பதிப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும் இருந்து, அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆறு மாதம் மட்டும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணின் முகம், அவருக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும் இன்னொருவரின் உடைமையாக இருக்கலாம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதற்குப் பிறகு என் நடைமுறையை மாற்றிக்கொண்டேன். படம் எங்கெல்லாம் பயன்படலாம், எத்தனை ஆண்டுகள் பயன்படலாம், சாலைப் பலகையில் போடலாமா கூடாதா என்பவற்றை நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். படத்தில் வருபவருக்குத் தனியாக ஒரு சீட்டு உண்டு. அரைப்பக்கம், பெரிய எழுத்து, எளிய தமிழ். கையேடு, இணையதளம், பத்திரிகை, சாலைப் பலகை என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும், தமக்குச் சம்மதமானதை மட்டும் அவர் குறிக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இப்போது திருப்பூரில் நிறைய இருப்பதால், ஒடியாவிலும் இந்தியிலும் அதே சீட்டை வைத்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுகிறோம். வாசிக்கும்போது மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது என் நிபந்தனை. அவர் நின்றுகொண்டிருந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இதற்காகவே படமெடுப்பதற்கு முந்தைய நாள் கேமரா இல்லாமல் போய், டீ நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். அந்த ஒரு நாளுக்கும் கூலி போடுவதைச் சில வாடிக்கையாளர்கள் விரும்புவதில்லை. காரணத்தை விளக்கிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், ஏற்காத இரண்டு மூன்று வேலைகளை விட்டிருக்கிறேன்.

இதனால் படம் தாழ்ந்துபோகவில்லை, உயர்ந்திருக்கிறது. தன் படம் எங்கே போகும் என்று அறிந்தவர் கேமராவுக்கு முன் விறைப்பதில்லை. தன் வேலையில் எந்தக் கணம் முக்கியமானது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். சாயப்பட்டறைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் படமெடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் மீட்டெடுக்கிறோம் என்று காட்டவேண்டிய தேவை எல்லோருக்கும் வந்துவிட்டது. குழாய்களும் தொட்டிகளும் எத்தனை எடுத்தாலும் குழாய்களும் தொட்டிகளுமே. அங்கே வேலை பார்க்கும் ஓர் இளைஞர், சுத்திகரித்த நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துச் சன்னலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பது தன் அன்றாட வேலை என்றார். வந்த தண்ணீரின் குடுவையையும் போகிற தண்ணீரின் குடுவையையும் இரு கைகளில் அவர் பிடித்து நிற்கும் ஒரே படம், நான் எடுத்த மற்றப் பதினேழு படங்களையும் தேவையற்றவை ஆக்கிவிட்டது.

மீண்டும் அந்தப் பனியன் கம்பெனிக்கு வருகிறேன். முந்தைய நாள் பேசியபோது, பிசிறு வெட்டும் வரிசையில் இருந்த எட்டுப் பெண்களில் ஏழு பேர் சீட்டில் குறித்துக் கொடுத்தார்கள். எட்டாமவர், நாற்பது வயது இருக்கும், "எனக்கு வேண்டாமுங்க, எங்க ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். சரிங்க அக்கா, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குக் கிழக்குச் சன்னலின் வெளிச்சம் மேசையின் பாதிவரை வந்திருந்தது. முதலில், முதலாளி விரும்பியபடி காலிக் கூடத்தை எடுத்து முடித்தேன். பிறகு ஏழு பேரும் தத்தம் இடத்தில் அமர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். என் உதவியாளர் மறுகோடியில் விளக்குகளை அணைக்கப் போயிருந்ததால், நான் கேமராவோடும் தெர்மாகோல் அட்டையோடும் ஒற்றை ஆளாகத் திண்டாடிக்கொண்டிருந்ததை, வேண்டாம் என்று சொன்ன அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "குடுங்க, அட்டையை நான் புடிச்சுக்கறனுங்க" என்று வாங்கிக்கொண்டார். எங்கே பிடிக்கவேண்டும் என்று ஒரு முறைதான் காட்டினேன். தோழிகளின் முகங்களைப் பார்த்துப் பார்த்து, "அவளுக்கு இந்தப்பக்கம் இருட்டா இருக்குதுங்க" என்று தாமாகவே அட்டையைச் சரித்துக்கொண்டார்.

இரண்டு படங்களையும் அன்று மாலையே மடிக்கணினியில் முதலாளிக்குக் காட்டினேன். காலிக் கூடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ஏழு பேர் இருந்த படத்தை நெடுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, அவர்கள் எத்தனை ஆண்டுகளாக வேலை பார்க்கிறார்கள் என்றும் எனக்குச் சொன்னார். பிறகு, "எட்டுப் பேரல்லங்க இந்த வரிசையில?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அச்சுப்போட்ட படங்கள் போன வாரம் வந்தன. ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, எட்டாவது பிரதியை அந்த அக்காவிடம் கொடுத்தேன், வாங்கித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்.